கோல்கீப்பர் தன்னைப் பார்க்க முடியாது

ஹாக்கியில் பெனால்டி கார்னர் அடிப்பவருக்கும் கோலுக்கும் இடையே சுமார் 14 மீட்டர்தான். மட்டையால் பந்தை இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதை அரை நொடியில் கடந்துவிடும். கண் பார்த்து உடம்பு அசைவதற்குள் அதில் பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் 3.66 மீட்டர் அகலக் கோலை வெறும் சுறுசுறுப்பால் காக்க முடியாது. கோல்கீப்பர் எங்கே நிற்கிறார், எவ்வளவு முன்னேறி நிற்கிறார், பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதெல்லாம் பந்து கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இதில் எதையும் கோல்கீப்பரால் வெளியே இருந்து பார்த்துக்கொள்ள முடியாது. ஸ்கோரும் உண்மையைச் சொல்லாது. தப்பான இடத்தில் நின்றவர் காலில் பந்து பட்டுத் திரும்பினால் கைதட்டல். சரியாக நின்றவரை, சொந்த அணிக்காரர் மட்டையில் பட்டுத் திசை மாறிய பந்து ஏமாற்றினால் திட்டு. ஆகவே அணியில் மற்ற யாரையும்விடப் பயிற்சியாளரின் கண் இவருக்குத்தான் அதிகம் தேவை.

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்தை இந்தியா ஷூட் அவுட்டில் வென்றது. கோலில் பிரின்ஸ்தீப் சிங். பயிற்சியாளர், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் கோல்கீப்பராக வெண்கலம் வென்ற ஸ்ரீஜேஷ். ஷூட் அவுட்டில் எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும். அவசரப்பட்டு முதலில் விழும் கோல்கீப்பர் பெரும்பாலும் தோற்பார். காலில் நின்றபடியே எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி நேரத்தைத் தின்ன வேண்டும். இந்தப் பொறுமை பழக்கத்தில்தான் வரும். ஆனால் அதே அணி அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 எனத் தோற்றதே என்று கேட்கலாம். பயிற்சி கோல் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தராது. திரும்பத் திரும்பச் செய்யும் தவறைத்தான் குறைக்கும். உச்சத்திலிருந்த ஸ்ரீஜேஷே நெதர்லாந்தின் கோல்கீப்பர் பயிற்சியாளர் டென்னிஸ் வான் டி போல் நடத்திய முகாம்களில் பயின்றவர்தான்.

பயிற்சி எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். ஐஸ் ஹாக்கியில் பிரான்சுவா அலேர் என்ற பயிற்சியாளர், முழங்கால்களை மடித்துப் பனியோடு இறங்கிக் கீழ்ப்பகுதியை அடைக்கும் முறையை கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவிடம் செம்மைப்படுத்தினார். 1986-இல் இருபது வயதில் ருவா ஸ்டான்லி கோப்பையை வென்றார், உலகமே அந்த முறையைப் பின்பற்றியது. டொமினிக் ஹாசெக்கோ எந்த முறைக்கும் அடங்காமல் உருண்டு புரண்டு தடுத்து 1998 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இருந்தாலும் ஆட்டத்தைப் படிப்பதில் அவர் தற்செயலை நம்பியவரல்லர். நல்ல பயிற்சியாளர் தடுக்கும் பாணியை ஆட்டக்காரரிடமே விட்டுவிட்டு, நிற்கும் இடத்தை மட்டும் விடாப்பிடியாகத் திருத்துவார்.

அரியமங்கலம் போன்ற ஓர் ஊரின் பள்ளியில் கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் கிடைப்பது கடினம். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பி.டி. வாத்தியார், கோல்கீப்பர் மற்றவர்கள் அடித்துப் பழகும் இலக்காக மட்டுமே நிற்பார். அங்கேயும் கோலுக்குப் பின்னால் ஒரு செல்போனை நிறுத்திப் படம் பிடித்து, ஒவ்வொரு அடியிலும் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்தி, அவர் நின்ற இடத்தை அவருக்கே காட்டலாம். கோல் விழுந்ததா என்பதை அப்போது பேசவே வேண்டாம்.