காங்கேசன்துறைக் கற்குழிகளில் நகரம் எழுப்புவதற்கு முன்

காங்கேசன்துறை சீமெந்து ஆலைக் காணியில் கைத்தொழில் வலயம் அமைப்பது பற்றி அரசாங்கங்கள் பேசும்போதெல்லாம், யாழ்ப்பாணத்தில் மீளக் குடியேறிய எமது உறவுகளில் சிலர் என்னிடம் ஒன்றைக் கேட்பார்கள்: "தொழிற்சாலை மட்டும் ஏன்? வீடு, கடை, பாடசாலை எல்லாம் சேர்ந்த ஒரு நகரமே அமைக்கலாமே?" 1990இல் இருந்த வீட்டுக் காணிக்கு இன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பல குடும்பங்கள் உரித்தாளர்கள். எனவே அந்த ஆசை நியாயமானதுதான்.

இது நடக்காத காரியமும் அல்ல. மலேசியாவின் பண்டார் சன்வே ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலம். இன்று அங்கே வீடுகள், பல்கலைக்கழகம், வைத்தியசாலை, வணிக வளாகம் எல்லாம் உள்ளன. பழைய சுரங்கக் குழி நீர் விளையாட்டுப் பூங்காவாகிவிட்டது.

ஆனால் எங்கள் மண் வேறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. எமது கிணறுகள் அதை நம்பியே இருக்கின்றன. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரால் மூடப்பட்ட ஆலைக்காகத் தோண்டப்பட்டதும் அதே கல்தான். கல்லை எடுத்த இடத்தில் கழிவை வடிகட்ட மண் இல்லை. கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒழுங்கான கழிவுநீர்த் தொகுதி இல்லாமல் அங்கே பெருந்தொகையானோரைக் குடியமர்த்தினால், மலக்குழிக் கழிவு நிலத்தடி நீரில் கலக்கும். அளவுக்கு மீறி நீரை இறைத்தால் கிணறு உவராகும்.

கைவிட்ட கற்குழிக்கு என்ன நேரலாம் என்பதைப் புத்தளத்தில் அகதியாக வளர்ந்த நான் கண்டிருக்கிறேன். அங்குள்ள சீமெந்து ஆலைக்குக் கல் தோண்டிய அறுவக்காட்டுக்குக் கொழும்புக் குப்பை வந்தது. மக்கள் வீதியில் இறங்கிப் போராடியும் 2019இல் லொறிகள் வந்தன. முடிவு எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. ஆலையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்களும் 1990இல் இடம்பெயர்ந்தவர்களே. அவர்களில் ஒரு பகுதியினரின் காணிகள் போர் முடிந்த பின்பும் பல ஆண்டுகள் இராணுவத்திடம் இருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் சில மணிநேரக் கெடுவில் வெளியேற்றப்பட்ட நாம், இன்னொருவரின் காணிக் கண்ணீர் மீது வீடு கேட்கலாமா?

எனவே எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று விடயங்களை நாம் முதலில் கேட்க வேண்டும்: எது அரச காணி, எது தனியார் காணி என்ற வரைபடம், நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவு, கழிவுநீர்த் திட்டம். மூன்றும் தமிழில், பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதன் பிறகு நகரத்தைப் பற்றிப் பேசுவோம்.