இந்தப் புத்தகம் யாருக்கு?

போகிக்கு வீட்டை ஒழிக்கிற வாரத்தில் பழைய பேப்பர் கடைகளில் தராசு ஓய்வதில்லை. நாளிதழ்க் கட்டுகளோடு நாவல், அகராதி, பிள்ளைகளின் பாடநூல் எல்லாம் எடைக்குப் போகின்றன. கொண்டுவந்து போடுகிறவர்கள் புத்தகத்தின் அருமை அறியாதவர்கள் அல்லர். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் போடுகிறார்கள். திருவண்ணாமலையில் புத்தகங்களை எங்கே வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்பவர்களிடம், கட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் எடுத்து, இது யாருக்கு ஆகும் என்று முதலில் பாருங்கள் என்பேன். அது தெரிந்துவிட்டால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் நினைவுக்கு வருவது மாவட்ட மைய நூலகம், அதுவே சரி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் கட்டுவது அந்தச் சட்டப்படிதான். நம் பணத்தில் நடக்கும் இடம் அது. ஆனால் மூட்டையாகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வராதீர்கள். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, முத்திரை குத்தி, அலமாரியில் இடம் பார்க்க வேண்டும். பிறகு அது தொலைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால், வேண்டியதை அவரே குறித்துத் தருவார்.

நூலகங்களில் இன்று அதிகம் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். குரூப் 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில் நடப்பது. அதனால் ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் அவர்களுக்கு உயிர்நாடி. உங்கள் பிள்ளை படித்து முடித்த பாடநூல்களை வகுப்பு வாரியாகக் கட்டிக் கொடுத்தால், பணம் போட்டு வாங்க முடியாத ஒருவர் அதே வாரத்தில் படிக்கத் தொடங்கிவிடுவார். 2018, 2019ஆம் ஆண்டுகளில் பாடநூல்கள் மாறின. ஆகவே புதியவற்றை முதலில் கொடுங்கள். நீட் கையேடுகளில் இன்னும் கவனம் வேண்டும். 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய கையேட்டை ஓர் ஏழைப் பிள்ளையிடம் கொடுத்தால், தேர்வில் வராத பாடத்தை அந்தப் பிள்ளை ராத்திரி கண்விழித்துப் படித்துக்கொண்டிருக்கும். அத்தகைய புத்தகத்துக்கு எடைக்கடையே சரி. அதில் பாவம் ஒன்றுமில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் 2006க்குப் பிறகு ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. திறக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பவை அவற்றில் பல. கட்டடத்தைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பதைவிட ஆளைப் பார்த்துக் கொடுப்பது நல்லது. மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கும் ஓர் ஆசிரியையோ, கல்லூரி மாணவரோ உங்களுக்குத் தெரிந்த ஊரில் இருந்தால் அவரிடம் முப்பது கதைப் புத்தகம் போதும். 2022இல் அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் யார் என்று கிளை நூலகரிடமும் வாசகர் வட்டத்தாரிடமும் விசாரியுங்கள்.

ஜவ்வாது மலை எனக்கு எப்போதும் தனிக் கவலை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் இரவும் அங்கேயே தங்குகிறார்கள். பாடம் முடிந்தபின் நீண்ட மாலைப் பொழுது இருக்கிறது. நகரத்து வீட்டில் தூசி படிந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை அங்கே ஏற்றிவிடுவது நம் அலமாரியைக் காலி செய்யும் வேலைதான். அவர்களுக்கு வேண்டியது படமும் பெரிய எழுத்தும் உள்ள நல்ல தமிழ்க் கதைகள், விலங்கு, மரம், வானம் பற்றிய புத்தகங்கள். அதே மலைத்தொடரில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மலையில் வளரும் பிள்ளையின் கையில் நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டாமா? தலைமையாசிரியரிடம் பேசிவிட்டுக் கொண்டுபோங்கள்.

கனமான நாவல்கள், வாழ்க்கை வரலாறுகளுக்கு வேலூர் மத்தியச் சிறை நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கைதிகளுக்காகப் புத்தகம் திரட்ட, ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறைத்துறை சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு அமைத்தது. சிறையில் வாசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்திலும் நூலகம் உண்டு; ஆன்மிக நூல்களுக்கு அங்கே கேட்கலாம். கைமாறிய புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆசிரமத்தின் கதையிலேயே சான்று இருக்கிறது. ரமணர் திருவண்ணாமலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், அவருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி ஊருக்குள் போய்த் தமிழ் வேதாந்த நூல்களை வாங்கி வருவார். அவர் மலையாளி, தமிழில் எழுத்துக்கூட்டித் திணறுவார். அதைப் பார்த்து ரமணர் தாமே படித்து அவருக்குப் பொருள் சொல்வார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு 1896இல் இங்கே வந்த அந்த இளைஞருக்கு வேதாந்த நூல்கள் அறிமுகமானது அப்படித்தான்.

கடைசியாக, தாத்தா காலத்துப் பெட்டி. அருணாசல புராணத்தின் பழைய பதிப்பு, நின்றுபோன சிறுபத்திரிகைகள், கோயில் விழா மலர்கள், உள்ளூர் அச்சகத்தில் அடித்த பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருக்கலாம். இவற்றைப் பள்ளிக்கும் கொடுக்க வேண்டாம், கடைக்கும் போட வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவற்றைச் சென்னையிலேயே வைத்து 1994இல் ஆராய்ச்சி நூலகம் தொடங்கினார்கள். இன்று அது தரமணியில் இயங்குகிறது. பெட்டியைத் திறந்து அட்டையையும், ஆண்டு அச்சிட்ட பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். கரையான் முந்துவதற்குள் செய்யுங்கள்.