எளிய பெயிண்ட் போதும், ஓவியம் கற்பிக்க

தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் கணினி ஓவியத்துக்கு இடம் கொடுத்து, டக்ஸ் பெயிண்ட் என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தியது நல்ல முடிவு. அமெரிக்க நிரலாளர் பில் கென்ட்ரிக் 2002இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை; பழைய கணினியிலும் ஓடும்; பட்டன்களின் பெயர்களைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் பெயிண்டோ, 1985இல் வந்த முதல் விண்டோஸ் தொட்டே கூட வருகிறது. ஆக, கருவிக்குப் பஞ்சமில்லை. அதை வைத்து என்ன நடத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். ‘டக்ஸ் பெயிண்டில் மேஜிக் கருவியின் பயன் யாது?’ என்று கேட்டு மதிப்பெண் போடும் பாடமாக இதை ஆக்கிவிட்டால், பிள்ளைகள் பட்டன்களின் பெயரை மனப்பாடம் செய்வார்கள்; படம் வரைய மாட்டார்கள். மென்பொருள் எளிதாக இருப்பதை ஒரு குறையாகப் பார்க்கக் கூடாது. வரைகிறவர் தன் முடிவுகளைத் தானே எடுத்தாக வேண்டும் என்ற நிலையை அந்த எளிமைதான் உண்டாக்குகிறது.

வண்ணம் நிரப்பும் கருவியையே பாருங்கள். ஒரு மாணவி ஓட்டு வீடு ஒன்றைக் கோட்டுப் படமாக வரைகிறாள். கூரைக்குச் சிவப்பு அடிக்க உள்ளே சொடுக்குகிறாள். சிவப்பு கூரையோடு நிற்காமல் வானம், தரை என்று திரை முழுவதும் பரவிவிடுகிறது. அந்தக் கருவி, சொடுக்கிய புள்ளியிலிருந்து அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்கும். அவையும் அதே நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டு அடுத்த புள்ளிக்கு நகரும். வேறு நிறம் குறுக்கிடும்வரை நிற்காது. கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட வண்ணம் அந்த வழியாக வெளியேறிவிடும். இந்த இடத்தில் ஆசிரியர் மவுஸை வாங்கிச் சரிசெய்துவிடக் கூடாது. ‘எங்கே திறந்திருக்கிறது, தேடு’ என்று மட்டும் சொன்னால் போதும். மாணவி கோட்டின் வழியே கண்ணை ஓட்டி, மூலைக்கு வந்து, அந்த இடைவெளியை அடைத்துவிட்டு மறுபடி சொடுக்குவாள். மூடிய வடிவம் என்றால் என்ன, கணினி ஒரு கட்டளையை எப்படிப் படிப்படியாகச் செய்கிறது என்ற இரண்டும் அந்தச் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும் பெரிய மென்பொருளில் தொடங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

வசதி குறைந்த இடத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 1984இல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர், முதலில் கட்டம் போட்ட நோட்டில்தான் வரைந்து பார்த்தார். ஒரு சின்னத்துக்கு 32க்கு 32 கட்டம். கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. புன்னகைக்கும் கணினியும் திரி எரியும் வெடிகுண்டும் அதற்குள்தான் பிறந்தன. அமெரிக்கர் ஹால் லாஸ்கோ தொண்ணூறு வயதைக் கடந்து, பார்வை மங்கிய நிலையிலும் மைக்ரோசாஃப்ட் பெயிண்டில் புள்ளிகளைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக வைத்து ஓவியம் தீட்டினார். பள்ளியிலும் இதே பயிற்சியைத் தரலாம்: கணக்கு நோட்டில் 16க்கு 16 கட்டம், அதற்குள் ஒரு காகம், மூன்றே நிறம். அலகைக் காட்ட எத்தனை கட்டம் வேண்டும், எதை விட்டுவிட்டால் அது காகமாகத் தெரியாது என்று பிள்ளைகள் யோசித்துவிட்டுத் திரைக்குப் போகட்டும்.

நம் வாசலிலேயே இதற்கு வலுவான பாடப்பொருள் இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974இலேயே, கோலங்களைக் கணினிக்குரிய விதிகளாக எழுதலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து, அதைச் சுற்றி இழை இழுத்து, ஒரு பகுதியைத் திருப்பித் திருப்பிப் போடும் பழக்கம் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. அதையே பெயிண்டில் செய்யச் சொல்லலாம்: கோலத்தின் கால் பங்கை மட்டும் வரைந்து, வெட்டி ஒட்டி, முழுமையாக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிப் போட்டால் சில கோலங்கள் பொருந்தும். பல சிக்குக் கோலங்கள் அப்படிப் பொருந்தாது; இழை அறுந்து நிற்கும். 90 பாகை சுழற்றினால்தான் இழையோடு இழை சேரும். சமச்சீர் பற்றிக் கணக்குப் பாடத்தில் வரும் வரையறை இங்கே கைக்கு வந்துவிடுகிறது. டக்ஸ் பெயிண்டில் சமச்சீராக வரைந்து தரும் கருவி இருக்கிறது. அதை முதல் வகுப்பிலேயே திறந்துவிட வேண்டாம் என்பது என் யோசனை. கையால் ஒட்டிப் பார்த்த பிறகு கொடுத்தால் அது என்ன செய்கிறது என்று பிள்ளைகளுக்கே விளங்கும்.

மவுஸைப் பிடித்தால் கையால் வரையும் திறன் கெட்டுவிடும் என்று ஓவிய ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். கவலையில் நியாயம் உண்டு. மவுஸில் வரும் கோடு நடுங்கும். 1985இல் அமீகா கணினியில் ஓவியர் ஆண்டி வார்ஹால் வரைந்து, அவருடைய பழைய ஃபிளாப்பிகளிலிருந்து மீட்கப்பட்டு 2014இல் வெளியான சூப் டப்பா ஓவியத்தில்கூட அந்த நடுக்கம் தெரிகிறது. அதனால்தான் காகிதமும் பென்சிலும் முதலில் வர வேண்டும். ஆனால் காகிதத்தில் அழித்து அழித்து ஓட்டை விழும் என்று பயந்து வரையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, ஒரு சொடுக்கில் பின்வாங்க முடியும் என்ற தைரியம் பெரிய உதவி. அது அலட்சியத்தை வளர்க்கும் என்றால், வரைதலின் ஒவ்வொரு படியையும் தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லி, முதல் முயற்சிக்கும் கடைசிக்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்கலாம்.

வேலைக்குப் போகும் இடத்தில் ஃபோட்டோஷாப் கேட்பார்களே என்பது பெற்றோரின் கேள்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேலைக்குப் போகும்போது எந்த மென்பொருள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வடிவம், நிறம், இடைவெளி பற்றிய தெளிவு எந்த மென்பொருளுக்கும் உதவும். ஒரு வரி எழுதினாலே செயற்கை நுண்ணறிவு படம் போட்டுத் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி இன்னும் கடுமையானது. வந்த படத்தில் நிழல் தவறான பக்கம் விழுந்திருப்பதைக் கண்டுபிடிக்க, நிழலை ஒருமுறையாவது தானே போட்டுப் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண்ணைப் பள்ளிதான் பழக்க முடியும்.

கணினிகள் குறைவாக இருந்தால் இருவருக்கு ஒன்று போதும். ஒருவர் வரைய, மற்றவர் கட்ட நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பருவத் தேர்வில் கருவிகளின் பெயர் கேட்கும் கேள்வியை எடுத்துவிட்டு, ‘மூன்றே நிறங்களில் உங்கள் தெருவை வரைக’ என்று ஒரு செய்முறைக் கேள்வியை வையுங்கள்.