எச்.ஐ.வி. உள்ள பெண்களும் எலும்பு நலமும்

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. அக்காலத்தில் இளம் வயதில் சிகிச்சையைத் தொடங்கிய பெண்கள் பலர் இன்று மாதவிடாய் நிற்கும் பருவத்தை எட்டியுள்ளனர். வைரஸ் கட்டுக்குள் இருக்கும் இவர்கள் இனிக் கவனிக்க வேண்டியவற்றுள் எலும்பும் ஒன்று.

எலும்பு இடைவிடாது கரைந்தும் புதிதாக உருவாகியும் வரும் திசுவாகும். எச்.ஐ.வி. தொற்றினால் உடலில் நீடிக்கும் அழற்சி, கரைதலை மிகுவிக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 விழுக்காடு வரை குறையலாம். பின்னர் பெரும்பாலும் நிலைபெறும். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் என்னும் மருந்தில் இக்குறைவு சற்றுக் கூடுதல். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. இதற்கு அஞ்சி எவரும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். அந்த ஆபத்து எலும்புத் தேய்மானத்தைவிடப் பன்மடங்கு பெரிது. தேவையெனில் மாற்று மருந்தை மருத்துவர் முடிவு செய்வார்.

எலும்பு முறியும் வரை தேய்மானம் பெரும்பாலும் வெளியில் தெரிவதில்லை. முதுகுவலியை வீட்டுவேலையின் களைப்பு என்று கூறிக் கடந்துவிடும் பெண்களே மிகுதி. உயரம் குறைதல், கூன் விழுதல், சிறு தடுமாற்றத்தில் மணிக்கட்டு முறிதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். மாதவிடாய் நின்ற பெண்களும், நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களும் டெக்சா பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். இது வலியற்றது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடும் என்பதால் அதனையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பால், தயிர், முருங்கைக்கீரை, முள்ளுடன் உண்ணும் சிறுமீன் ஆகியவையும் உதவும். நாள்தோறும் வெயிலில் சிறிது நேரம் நடப்பது நன்று. புகையிலையை, வெற்றிலையுடன் மெல்லுவது உட்பட, விட்டொழிக்க வேண்டும்.

கால்சியம் மாத்திரை உண்போர் ஒன்றை மறக்கலாகாது. தற்போது பெரும்பாலோர் பெறும் கூட்டு மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர், வெறும் வயிற்றில் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. எனவே டோலுடெகிராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ உட்கொள்ள வேண்டும். அல்லது இரண்டையும் உணவுடன் சேர்த்து உட்கொள்ளலாம். இரவில் கூட்டு மாத்திரை உண்பவர், மதிய உணவுக்குப்பின் கால்சியம் எடுத்துக்கொள்வது எளிய வழி. வேறு மருத்துவர் கால்சியம் எழுதித்தந்தால், அச்சீட்டை ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டிய பின்னர் தொடங்கவும்.