ஜாவா நிரலைப் பொதிந்து அனுப்புதல்

ஜாவா என்னும் கணிப்பொறி மொழியை 1995-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டபோது, ஒருமுறை எழுதிய நிரல் எல்லாக் கணிப்பொறிகளிலும் இயங்கும் என்று உறுதி கூறினர். அவ்வுறுதி பெரும்பாலும் மெய்யாயிற்று. எனினும் ஓரிடத்தில் அது தடைப்படுகிறது. அவ்விடம் யாது, அதனைக் கடப்பது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

ஜாவா நிரல் முதலில் பைட்கோடு என்னும் இடைமொழிக்கு மாற்றப்படுகிறது. ஒவ்வொரு கணிப்பொறியிலும் நிறுவப்பெற்றுள்ள ஜாவா மெய்நிகர்ப் பொறி, அதனை அக்கணிப்பொறியின் மொழியில் பெயர்த்து நடத்துகிறது. மொழி வேறான மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனை எளிதில் உணர்வர். தக்க மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பின் எவ்வூரிலும் காரியம் நடைபெறும் அன்றோ?

ஆனால், சில வேலைகளுக்கு வேறு மொழியில் எழுதப்பட்ட பகுதிகளின் துணை வேண்டியிருக்கிறது. எஸ்.கியூ.லைட் என்னும் தரவுத்தளம் சி மொழியில் ஆக்கப்பட்டது. இத்தகைய பகுதிகளை ஜாவாவோடு இணைப்பதற்கென 1997-ஆம் ஆண்டில் ஜே.என்.ஐ. என்னும் ஏற்பாடு வந்தது. இவ்வாறு இணையும் பகுதியைப் பொறிமொழி நூலகம் என்போம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. தான் பிறந்த ஊரின் மொழி ஒன்றையே அது அறியும்.

விண்டோஸுக்கு உரிய நூலகம் டி.எல்.எல். கோப்பாகவும், லினக்ஸுக்கு உரியது எஸ்.ஓ. கோப்பாகவும், மேக் கணிப்பொறிக்கு உரியது டைலிப் கோப்பாகவும் அமையும். ஒரே இயங்குதளத்திலும் வேற்றுமை உண்டு. 2020-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் மேக் கணிப்பொறிகளில் ஆர்ம் வகை நுண்செயலியைப் புகுத்தினர். இன்டெல் வகைக்கென ஆக்கிய நூலகத்தை ஆர்ம் வகைக்குரிய ஜாவா ஏற்காது. லினக்ஸிலும், புதிய அமைப்பில் ஆக்கிய நூலகம் பழைய அமைப்பில் இயங்காமற் போவதுண்டு.

நிரலாளரின் கணிப்பொறியில் வேண்டிய நூலகம் முன்பே இருப்பதால் குறை தோன்றுவதில்லை. தொலைவில் உள்ள ஒரு கடைக்காரரோ கணக்கரோ அந்நிரலைத் திறக்கும்போதுதான், ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’ என்னும் பிழைச்செய்தி தோன்றி எல்லாம் நின்றுவிடுகிறது. அன்றைய கணக்கு எழுதப்படாமற் போகிறது. கேட்டுத் தெளிய அவருக்கு அருகில் எவரும் இல்லை.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. நூலகத்தை நிரலின் அருகிலேயே வைத்து, ஜாவா நூலகப் பாதை என்னும் அமைப்பில் அவ்விடத்தைக் குறிப்பிடுவது முதல் வழி. இது எளிது, ஆயினும் கோப்புறையை இடம் மாற்றினால் பாதை தவறிவிடக்கூடும்.

எல்லாத் தளங்களுக்கும் உரிய நூலகங்களை ஜார் கோப்பினுள்ளேயே அடக்கி அனுப்புவது இரண்டாம் வழி. ஜார் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதனுள் இருக்கும் நூலகத்தை இயங்குதளம் நேரே ஏற்றிக்கொள்ள இயலாது. ஆகவே நிரல் தொடங்கியதும் இயங்குதளத்தையும் நுண்செயலியையும் அறிந்து, உரிய நூலகத்தைத் தற்காலிகக் கோப்புறையில் படியெடுத்து, முழுப் பாதையையும் கூறி ஏற்றுதல் வேண்டும். எஸ்.கியூ.லைட்டை ஜாவாவோடு இணைக்கும் ஜே.டி.பி.சி. தொகுப்பு இம்முறையையே கையாளுகிறது. சில வழங்கிகளில் தற்காலிகக் கோப்புறையிலிருந்து எதனையும் இயக்கக் கூடாதெனத் தடை இருக்கும். அத்தகைய இடங்களுக்கென மாற்றுக் கோப்புறையைக் குறிப்பிடவும் வழி செய்தல் நன்று.

ஜேபேக்கேஜ் என்னும் கருவியைக் கொள்வது மூன்றாம் வழி. 2020-ஆம் ஆண்டில் ஜாவா 14-இல் சோதனையாக வந்து, 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற இக்கருவி, நிரல், நூலகம், ஜாவா இயக்கச்சூழல் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவுபொதியாக்கித் தருகிறது. பெறுவோர் ஜாவாவைத் தனியே நிறுவ வேண்டுவதில்லை. ஆனால் விண்டோஸுக்குரிய பொதியை விண்டோஸிலும், மேக்குக்குரியதை மேக்கிலும், லினக்ஸுக்குரியதை லினக்ஸிலுமே ஆக்க முடியும்.

மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். 2025-ஆம் ஆண்டில் வந்த ஜாவா 24 முதல், முன்இசைவு பெறாது பொறிமொழி நூலகத்தை ஏற்றும் நிரலுக்கு எச்சரிக்கை காட்டப்படுகிறது. அவ்விசைவை ஜார் கோப்பின் விவரக்குறிப்பிலேயே எழுதி அனுப்பலாம்.

கணினிப் பயிற்சி இல்லாதவர்க்கு அனுப்புவதாயின் மூன்றாம் வழியே தக்கது. பிற நிரலாளர்க்கு அனுப்பும் தொகுப்பாயின் இரண்டாம் வழி போதும். எவ்வழியைக் கொண்டாலும், நிரலாக்கக் கருவி எதுவும் நிறுவப்படாத ஒரு கணிப்பொறியில், ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை இயக்கிப் பார்த்த பின்னரே பொதியை வெளியே அனுப்புதல் வேண்டும். பெறுவோரின் மேசையில் நிரல் தடையின்றித் திறந்தால்தான் எழுதியவரின் உழைப்பு பயன் தரும்.