பவர் பேங்க் வாங்கப் போகிறீர்களா?

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கவிதை ஏற்கெனவே கட்டுக்கட்டாக வந்து குவிந்துவிட்டதாம். ஆகவே நான் ஏமாந்த கதையை எழுதுகிறேன். உங்களில் நாலு பேருக்காவது காசு மிச்சமாகட்டும்.

போன வருஷம் அப்ரண்டிஸ் தேர்வுக்காகச் சென்னைக்குக் கிளம்பினோம், மூன்று பேர். திருநெல்வேலியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். டிக்கெட், அழைப்புக் கடிதம், போகவேண்டிய இடத்துக்கு வழி எல்லாமே போனுக்குள். "மூணு பேருக்கும் சேத்து ஒரு பவர் பேங்க் வாங்கிருவோம்ல" என்றான் நண்பன். வழியில் ஒரு கடை. "ஐம்பதாயிரம் எம்.ஏ.எச். தம்பி! ஒரு வாரத்துக்குக் கவலையே கிடையாது" என்றார் கடைக்காரர். 450 ரூபாய். எலெக்ட்ரிக்கல் படிக்கிற மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கினோம்.

மதுரை தாண்டுவதற்குள் அதன் நாலு விளக்கும் அணைந்துவிட்டன. மூன்று போனிலும் சேர்த்து ஒரு போன் நிறையும் அளவுகூட ஏறவில்லை. பெர்த் பக்கத்துப் பிளக்கில் கரண்ட் இல்லை. (தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்ட்டுகளை நிறுத்தும் ஏற்பாடு ரயில்வேயில் 2021 மார்ச்சில் வந்தது.) தேர்வுக்கூட வாசலில் கடிதத்தைக் காட்டப் போகையில் என் போன் செத்தது. டீக்கடையில் கெஞ்சி, சார்ஜ் போட்டு, உள்ளே போகும்போது 45 நிமிஷம் போயிருந்தது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பவர் பேங்கைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். 140 கிராம்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இம்மாதிரிப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், எடை சுமார் 45 கிராம். நல்ல கம்பெனி செல்லே 3500 எம்.ஏ.எச்.சுக்கு மேல் பெரிதாகத் தாங்காது. அப்படியானால் ஐம்பதாயிரத்துக்கு எத்தனை செல் வேண்டும்? பதினாலு, பதினைந்து. செல் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்கும். 140 கிராமில் பெட்டி, சர்க்யூட் போக இரண்டு செல் இருந்தாலே அதிகம். உண்மையான 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 200 கிராமை ஒட்டியும், 20000 என்றால் 350, 400 கிராமும் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதிப் புருடா தெரிந்துவிடும். அதற்காகக் கனமானதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே மணல் போட்டு விற்ற மகானுபாவர்களும் உண்டு!

அடுத்து கணக்கு. 20000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட்டில் உள்ள செல்லின் கணக்கு. வெளியே வருவதோ 5 வோல்ட், அல்லது அதற்கும் மேல். ஆகவே எம்.ஏ.எச்.சை மறந்துவிட்டு வாட் அவரில் யோசியுங்கள். 20000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்பியர் அவர். அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் அவர். வோல்ட்டேஜை ஏற்றுவதில் கொஞ்சம் சூடாகப் போய், கைக்கு வருவது சுமார் 60. ஐயாயிரம் எம்.ஏ.எச். போன் ஒன்று முழுதாக ஏற, அதன் இழப்பும் சேர்த்து 22 வாட் அவர் என்று வையுங்கள். இரண்டே முக்கால் தடவை. நாலு தடவை என்று மனக்கணக்குப் போட்டவன் நடுவழியில் நிற்பான். உருப்படியான கம்பெனிகள் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 5 வோல்ட் கணக்கையும் போடுகின்றன. 10000 என்று பெரிதாகப் போட்டதன் கீழே ஆறாயிரத்தை ஒட்டி ஏதாவது இருக்கும். அது ஏமாற்று அல்ல. அதுதான் நிஜம்.

பல சாதனங்களுக்கு வாங்குபவர்கள் முக்கியமாகக் கேட்கவேண்டிய கேள்வி வேறு. "அண்ணே, எல்லா ஓட்டையிலும் ஒயரைச் சொருகினா எத்தனை வாட் வரும்?" அட்டையில் 22.5 வாட் என்று இருப்பது ஒற்றைப் போனுக்கு. இரண்டாவதைச் சொருகியதும் மொத்தமே 15 வாட்டாக இறங்கும் மாடல்கள் ஏராளம். காரணம் எளிது. விலை குறைந்ததில் எல்லா வாய்க்கும் சேர்த்து ஒரே கன்வெர்ட்டர். ஒரு போன் 9 வோல்ட் கேட்கும், இயர்பட்ஸ் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒரே கன்வெர்ட்டர் இரண்டு வோல்ட்டேஜ் தரமுடியுமா? எனவே எல்லாருக்கும் பொதுவாக 5 வோல்ட்டுக்கு இறங்கி, இருப்பதைப் பங்கு போடுகிறது. நம் ஹாஸ்டல் சாம்பார் மாதிரி. தனித்தனிக் கன்வெர்ட்டர் உள்ளவை விலை கூடும். இரவு முழுக்க நேரமிருந்தால் சாதாரணமானதே போதும், வீண் செலவு வேண்டாம்.

லேப்டாப்புக்கும் வேண்டுமென்றால் கதையே வேறு. யு.எஸ்.பி. பி.டி. முறையில் 20 வோல்ட் தரவேண்டும், 45 அல்லது 65 வாட். மூன்று ஆம்பியரைத் தாண்டினால் அதற்கென்றே உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. 50 வாட் அவர் லேப்டாப் ஒன்றே 20000-த்தை ஏறக்குறையக் குடித்துவிடும்.

இயர்பட்ஸ், வாட்ச் போன்ற சின்னச் சாமான்களில் ஒரு தொல்லை. அவை இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், ஒன்றும் சொருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். 'லோ கரண்ட் மோட்' உள்ளதா என்று கேளுங்கள்.

பவர் பேங்கும் சாப்பிடவேண்டுமே! 10 வாட்டில் 20000 எம்.ஏ.எச். நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். ஐ.வி. போன இடத்தில் அறைக்கு ஒரு பிளக், ஆள் ஆறு பேர் என்றால் இது நடக்கிற காரியமா? உள்வாங்கும் வாட் 18-க்குக் குறையாமல் பாருங்கள்.

பி.ஐ.எஸ். முத்திரையும் அதனுடன் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வரும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

விமானத்தில் போகும் பாக்கியம் வாய்த்தவர்களுக்கு: கைப்பையில்தான் வைக்கவேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. 100 வாட் அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 160-க்கு மேல் அறவே கூடாது. (எங்கள் ஐம்பதாயிரம் நிஜமாக இருந்திருந்தால் 185!) 2025 ஜனவரி 28-இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. உப்பிப்போன பவர் பேங்கை 'இன்னும் ஓடுதுல்ல' என்று வைத்திருக்கும் ஹாஸ்டல்வாசிகள் கவனிக்க.

இப்போது என்னிடம் இருப்பது 20000 எம்.ஏ.எச்., 390 கிராம், இரண்டு வாய். தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் ஒருமாதிரிதான் பார்த்தார். அழைப்புக் கடிதம் வந்தால் மட்டும் இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் ஒன்று, பையில் ஒன்று வைத்துக்கொள்கிறேன்.