பாட்டியின் ரேடியோ மௌன விரதம்

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் சாயங்காலம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பாட்டிக்குப் பெருங்கவலை. முழங்கால் வலியால் அவர் வாசற்படி தாண்டி மூன்று வருஷமாகிறது. கோயில் கூப்பிடு தூரந்தான். ஆனாலும் நம்பெருமாள் இரத்தினாங்கியோடு பரமபத வாசலைக் கடக்கும் காட்சி அவருக்கு ரேடியோவின் நேர்முக வர்ணனையில்தான். அந்த ரேடியோ அன்றைக்குப் பார்த்து மௌன விரதம் பூண்டுவிட்டது!

இது சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சங்கதி. "வீட்டில் டெலிவிஷன் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. பாட்டிக்குக் கண் மங்கல். தவிரவும், புக்ககம் வந்த புதிதில் வாங்கிய வால்வு ரேடியோ அது. 1939 மே 16-ஆம் தேதி தொடங்கிய திருச்சி வானொலி, அந்தக் கூடத்தில் வேறெந்தப் பெட்டியிலிருந்து பேசினாலும் அவர் காதில் ஏறாது.

டயல் விளக்கு எரிந்தது. ஷார்ட்வேவில் ஏதோ பாஷையில் பேச்சும் கேட்டது. மீடியம்வேவுக்குத் திருப்பினால் மட்டும் நிசப்தம். பேரன் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். இரண்டு விநாடி நாதஸ்வரம், மறுபடி மௌனம்.

"வால்வு போயிடுத்து. இனிமே எங்கே கிடைக்கப் போறது?" என்றார் மருமகள்.

தெப்பக்குளம் பக்கத்திலிருந்து வந்த ரிப்பேர்க்காரர் சிரித்தார். "வால்வு போயிருந்தா ஷார்ட்வேவ் எப்படி மாமி பேசும்? தட்டினா பாடுது, விட்டா நிக்குது. இது ஸ்விட்சு கோளாறு."

அலைவரிசை மாற்றும் குமிழுக்குப் பின்னால் வெள்ளி முலாம் பூசிய சின்னஞ்சிறு தகடுகள் இருக்கின்றன. குமிழைத் திருப்பினால் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். வெள்ளிக் கிண்ணம் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கிறோமே (ஸ்ரீரங்கத்து மாமிகள் மன்னிக்க!), அதே கறுப்புத்தான் இங்கேயும் படிகிறது. கூடத்து விளக்கு ஸ்விட்சில் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது; போடும்போதும் அணைக்கும்போதும் எழும் சிறு பொறி, படலத்தை எரித்துவிடும். ரேடியோ ஸ்விட்சில் வருவதோ ஆகாயத்திலிருந்து பிடித்த அணுவளவு சக்தி. கறுப்புப் படலத்தைத் துளைக்க அதற்குத் திராணி ஏது?

அமெரிக்காவில் பின்பால் என்றொரு விளையாட்டு இயந்திரம் உண்டு. சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரில் 1942-இலிருந்து 1976 வரை அதைத் தடை செய்திருந்தார்கள். இரும்புக் குண்டு இலக்கில் மோதியதும், பின்னாலுள்ள இரண்டு தகடுகள் தொட்டு, கணக்கு ஏற வேண்டும். தகட்டில் அழுக்குப் படிந்தால் குண்டு மோதும், கணக்கு ஏறாது. அங்கே மெக்கானிக்குகள் ஒரு விஸிட்டிங் கார்டைத் தகடுகளுக்கு நடுவே செருகி, லேசாக அழுத்தி உருவி எடுப்பார்கள். நம் பாட்டியின் வியாதியும் அந்த ஜாதிதான்.

உங்கள் வீட்டிலும் பழைய செட் இருந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு அந்தக் குமிழை இருபது, முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தகடுகள் தாமே உரசிக் கொஞ்சம் சுத்தமாகும். பல சமயம் இதுவே போதும். பின்பலகையைக் கழற்றும் சாமர்த்தியம் மட்டும் வேண்டாம், அம்மா! பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கண்டென்ஸர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக் கூடும். ஏ.ஸி./டி.ஸி. செட்டுகள் சிலவற்றில், ஓடும்போது இரும்புச் சட்டமே மின்சாரம் பாய்ந்து நிற்கும். தேங்காயெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள்; தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். உப்புக் காகிதம் கறுப்போடு வெள்ளி முலாமையும் தின்றுவிடும்.

ரிப்பேர்க்காரர் கண்டென்ஸர்களை வடித்துவிட்டு, துப்புரவுத் திரவத்தைச் சிறு பிரஷ்ஷால் தடவினார். தளர்ந்திருந்த ஒரு தகட்டைச் சாமணத்தால் மயிரிழை நெருக்கினார். அரை மணி வேலை. பாட்டி கையால் காபி கிடைத்தது.

விடியுமுன்பே பாட்டி ஸ்நானம் செய்து ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். வாசல் திறந்தது. "ரங்கா! ரங்கா!" என்ற கோஷம் முதலில் ரேடியோவில் எழுந்தது, அதற்கு ஒரு கணம் பிந்தித்தான் ஜன்னல் வழியாகக் கோயில் பக்கமிருந்து வந்தது.